கெட்டில் கழுத்தின் வெள்ளை வளையம்

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டைக்குப் போகும் காலைப் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில்தான் நான் வேலைக்குப் போவேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஜன்னலில் வயல் பச்சையாக வழிந்துகொண்டே இருக்கும். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் மடியில் வேப்பிலையோடு, முழங்கால் நெஞ்சில் முட்டச் சுருண்டு தூங்குவார்கள். எனக்கோ எங்கள் மருந்துச் சரக்கின் மூலக்கூறு நினைவுக்கு வரும். வேதியியல் படித்தவளுக்குக் கனவும் அப்படித்தான் வாய்க்கும்.

கவரைப்பேட்டை தாண்டி ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலை. அங்கே நான் கெமிஸ்ட், இன்னும் நிரந்தரமாகாமல் ப்ரொபேஷனில் இருந்தேன். கெட்டில் என்று நாங்கள் சொல்லும் பெரிய கலத்தில், சூடான டொலுவீன் கரைப்பானில் சரக்கு கரைந்து கிடக்கும். மெல்ல ஆறவிட்டால், கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கப் பார்க்க, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். என் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நின்றிருப்பேன்.

கெட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவள். பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், கெட்டில் ஆபரேட்டரிடம், "அதைச் சுரண்டிச் சுத்தமா கழுவிடுங்கோ" என்றேன். அவர் ஆரம்பாக்கத்துக்காரர், முன்பு வயல் கூலி, என்னைவிட மிகவும் மூத்தவர்.

"அது எப்பவும் அப்பிடியேதான் இருந்துக்கினு கீதும்மா" என்று தயங்கினார். நான் விடவில்லை. தேய்த்துக் கழுவி, வெளியே சந்தனம் குங்குமம் வைத்தார்.

பூஜை முடிந்து ஏற்றிய சரக்கு இறங்கவேயில்லை. இரண்டு நாளாகப் பாகு மாதிரி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, அந்த வளையத்திலிருந்து உதிர்ந்த தூள்தான் ஒவ்வொரு முறையும் படிகத்தைத் தொடங்கிவைத்திருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மானேஜர் வந்து சத்தம் போட்டார். "யாருய்யா கழுவச் சொன்னது?"

"நான்தான் சார் கழுவுனேன்" என்றார் ஆபரேட்டர். என் பக்கம் திரும்பவேயில்லை.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இறங்கலைன்னா நீ வேலைக்கு வர வேணாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேலை போய்விடும் என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் பஸ்ஸில் கண்ணை மூடினால் டொலுவீன்தான். அதில் எங்கள் மூலக்கூறு தன் ஒரு முனையால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. படிகத்தின் வரிசையில் நீட்டி நிமிர்ந்ததற்குத்தான் இடம். சுருண்டது ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், பின்னால் வருவதற்கும் வழி அடைபடும். கண்டக்டர் "பெரியபாளையம்" என்று கத்தினார். தூங்கியவர்கள் முன் கம்பியை எட்டிப் பிடித்து, ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பிடிக்க வேறொன்று கிடைத்தால் நம் மூலக்கூறும் தன்னை விட்டுவிடும் என்று தோன்றியது. அப்படிப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் மெத்தனால் போதும்.

கெட்டிலை மறுபடி சூடாக்கி, மெத்தனால் சேர்த்து ஆறவிட்டோம். மூலக்கூறு நிமிர்ந்திருக்கும் என்று நம்பினேன். ஆனாலும் தொடங்கிவைக்க உறை வேண்டுமே. ஆபரேட்டர் ஆணியில் தொங்கிய தன் தலைத்துண்டை எடுத்துவந்தார்.

"இத்த மட்டும் தோய்க்கலம்மா. நாத்தம்னு சம்சாரம் ஊட்டுக்குள்ளயே வுட மாட்டேங்குறா."

மடிப்புகளில் அந்த வளையத்தின் வெள்ளைத் தூள் இருந்தது. ஒரு சிட்டிகை தட்டி உள்ளே போட்டோம். மத்தியான வெயில் கண்ணாடித் துளையில் சாய்ந்தபோது ஒரு மினுக்கம் தெரிந்தது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. முன்னைவிட நீளமான ஊசிகள் சுழன்று சுழன்று இறங்கின.

மானேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பிறகு ஆபரேட்டரிடம், "இந்தம்மாவாலதான்யா உன் வேலை தப்பிச்சுது. ஒரு கும்பிடு போடு" என்றார்.

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கேலியே இல்லாத கும்பிடு.

நான் அதை வாங்கிக்கொண்டேன்.