தொடாமல் நின்ற படம்

அலுவலகத்தில் அவருக்கு 'ரீஸ்டார்ட் அண்ணன்' என்று பெயர். யார் என்ன கோளாறு என்று வந்து நின்றாலும், "முதல்ல ஒருதடவை அணைச்சுப் போடு, அப்புறம் பேசலாம்" என்பார். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதர். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் "கடவுளே" என்பார். அது வலிக்குச் சொன்னதா, வேண்டுதலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மனைவி பேருந்தில் நடத்துநர். அவள் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள், இவர் பொழுது சாய்ந்து வருவார். "நாம குடும்பம் நடத்துறோமா, காவல் மாத்திக்கிறோமா?" என்று அவள் கேட்பாள். இவர் சிரிப்பார். சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

ஒரு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள், பிள்ளை அங்கேயே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு கேமரா. அது காட்டுவதைத் தாய் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். அதற்கான வலைப்பக்கத்தை உருவாக்கியது இவருடைய அலுவலகம். கதவு, சன்னல் எல்லாம் செய்து வைத்ததை வாங்கி வீடு கட்டுவதுபோல, வலைப்பக்கம் கட்டுவதற்கும் ஆயத்தச் சாமான்கள் உண்டு, 'ஃபிரேம்வொர்க்' என்பார்கள். படம் ஓட்டும் கருவியும் அதிலேயே வரும். வசதிதான். ஆனால் கோளாறு என்றால் காரணம் சொல்லாது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உம்மென்று இருக்கும்.

முதலில் படம் மட்டும்தான் வந்தது. பிள்ளை அழுவதையும் கேட்க வேண்டும் என்று சில தாய்மார்கள் ஆசைப்பட்டார்கள். பாவம், கேட்கட்டுமே என்று சத்தத்தையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனியன். சில வீடுகளில் படம் வரவில்லை, வெறும் கறுப்பு.

அலுவலகத்தில் மட்டும் அழகாக ஓடியது. சோதித்துப் பார்க்கும் பெண்ணுக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர், எதையும் நம்பாதவள். அவளே, "அண்ணா, இங்க தேர் மாதிரி ஓடுது. அவங்க வீட்டு இன்டர்நெட்தான் சரியில்ல" என்றுவிட்டாள். வீடியோ துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். இவர் துண்டுகளையெல்லாம் பார்த்தார், குறையில்லை. ஃபிரேம்வொர்க்கின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தார், புதியதையும் போட்டுப் பார்த்தார். அணைத்துப் போட்டதற்குக் கணக்கே இல்லை. கண் எரிச்சல்தான் மிச்சம்.

அப்போதுதான் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸம்மா போனில் கூப்பிட்டார்.

"சார், ஒரு பொண்ணுக்குப் பால் குறைஞ்சுக்கிட்டே வருது. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கிட்டே எடுத்தாத்தான் அவளுக்குச் சுரக்கும். இப்ப கறுப்புத் திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. இங்க பிள்ளை அவ எடுத்து அனுப்புற பாலை நம்பித்தான் எடை ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஏதாச்சும் பண்ணுங்க சார்."

இவர் இத்தனை நாளும் 'வீடியோ ஓடவில்லை' என்றுதான் நினைத்திருந்தார். ஒரு சிசுவின் வயிறு அதில் தொங்குகிறது என்று நினைக்கவில்லை. நர்ஸம்மா அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டு முகவரி கொடுத்தார். மதியமே கிளம்பினார்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது. "கடவுளே, கடவுளே" என்று படிக்கு ஒன்றாகச் சொல்லி ஏறினார். கதவைத் திறந்தது அந்தப் பெண்ணின் மாமியார்.

"வாங்க தம்பி. நீங்கதான் வீடியோ டாக்டரா? எல்லாம் வத்திப் போனப்புறம் வரலாம்னு இருந்தீங்களோ?"

"தப்புத்தாம்மா. இன்னைக்குப் பார்த்துடுறேன்."

"போன்ல கேட்டா, நெட் இருக்கா நெட் இருக்கான்னு ஒரே பாட்டு. நெட்டு இருக்கு, கரண்டு இருக்கு, பேரன்தான் இல்ல."

கூடத்தின் குறுக்கே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் பால் எடுக்கும் கருவி சீராக இரைந்துகொண்டிருந்தது. "வாங்கண்ணா" என்றது ஒரு மெலிந்த குரல். அவர் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். மாமியார் உள்ளே போய் போனை எடுத்து வந்தார்.

"வழக்கமா எப்படித் திறப்பீங்களோ அப்படியே திறங்கம்மா. நான் வாயே திறக்கல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மெசேஜில் ஒரு லிங்க் இருந்தது. மாமியார் அதைத் தட்டினார். பக்கம் திறந்தது. மேலே பிள்ளையின் பெட்டி எண், கீழே கறுப்பு. மாமியார் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இவ்வளவுதான். இப்படியே பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவர் தன் போனை எடுத்து அந்த வீட்டு நெட்டிலேயே சேர்த்தார். வழக்கம்போல் முகப்புக்குப் போய், பெயரும் கடவுச்சொல்லும் அடித்து, 'உள்ளே' என்ற பொத்தானை அழுத்தினார். படம் வந்துவிட்டது, சோதனைக்கென்று வைத்த காலிப் பெட்டி. அதே வீடு, அதே நெட். ஒன்றில் வெளிச்சம், ஒன்றில் இருட்டு. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லாகினிலிருந்து வெளியேறி, அவர்களுக்கு வந்த மெசேஜைத் தன் போனுக்கு அனுப்பி, அதிலிருந்த லிங்க் வழியாகவே திறந்தார். கறுப்பு.

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. சத்தமுள்ள வீடியோவை பிரவுசர் தானாக ஓட விடாது. திறந்ததும் ஊரைக் கூட்டிவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு கட்டுப்பாடு. பார்ப்பவர் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது தொட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் பொத்தானை அழுத்தி உள்ளே போகிறவர்கள். அந்தத் தொடுதலே போதுமாக இருந்தது. லிங்க் வழியாக வருகிறவர்கள் நேரே படத்தின் முன் வந்து நிற்கிறார்கள். மெசேஜைத் தொட்ட விரல் பக்கத்தைத் தொட்டதாகச் சேராது.

"ஏம்மா, இந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்ததே இல்லையா?"

"ஐயையோ! முன்ன நல்லா ஓடுனப்ப ஒருதடவை தொட்டுப் படம் பெருசாகி, பிள்ளையே காணாமப் போயிடுச்சு. அதுலருந்து நர்ஸம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, யாரும் படத்தைத் தொடக் கூடாதுன்னு."

"நான் தொட்டா இன்னும் கெட்டுடுமோன்னு பயம்ணா" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "ரெண்டு கையும் வேற இதுல மாட்டியிருக்கு."

"இப்ப நீங்க தொடுங்கம்மா" என்றார் மாமியாரிடம்.

அந்த அம்மாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல் தொட்டார். கறுப்பு விலகியது. கையளவுப் பிள்ளை, மூக்கில் மெல்லிய குழாய், தலையில் தொப்பி. வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான்.

மாமியார் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். உள்ளே கருவி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இவர் தரையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் இரண்டு வரி வேண்டிக்கொண்டார்.

படியிறங்கும்போதே சந்தேகத்தைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, லாகின் பண்ணாம, மெசேஜ்ல வர்ற லிங்க் வழியா வந்து பாரு."

அவள் லிங்கைத் தட்டிப் பார்த்தாள். "அண்ணா... கறுப்பு."

"இனிமே படம் சத்தமில்லாமத் தானா ஓடட்டும். அதுக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஓரத்துல ஒரு ஸ்பீக்கர் பொத்தான் வை. சத்தம் வேணுங்கிறவங்க தொட்டுக்கட்டும். இன்னைக்கே எல்லார் போனுக்கும் போயாகணும்."

"ரீஸ்டார்ட் பண்ணாமலே சரி பண்ணிட்டீங்க, பேரை மாத்தணும் போல."

"மாத்து, மாத்து. முதல்ல இதை மாத்து."

வீட்டுக்கு வந்தபோது மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, முகம் செத்துப் போயிருக்கு?"

"ஒரு விரல்ல முடியுற வேலைக்கு இத்தனை நாள் உயிரை விட்டிருக்கேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

சில நாள் கழித்து நர்ஸம்மா பேசினார். பால் மறுபடி சுரக்கிறதாம், பிள்ளையும் எடை கூடுகிறானாம். இவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அந்த மாமியார்.

"தம்பி, அந்த ஸ்பீக்கரைத் தெரியாம அமுக்கிட்டேன். உள்ள மிஷின் டிங் டிங்னு அடிக்குது, என் மருமகளுக்குப் பகீர்ங்குது. எங்களுக்குச் சத்தமே வேணாம். எப்படி நிறுத்துறது?"

அவருக்கு இடுப்பு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அதையே இன்னொருதடவை தொடுங்கம்மா. பயப்படாமத் தொடுங்க."