வேட்டி மறைக்காத லீவர்

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப்போனது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் இருபத்தைந்து வயது வரை நான் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, தெருவுக்கே தெரியும். தெரிந்தும் தெரியாதமாதிரி நடந்துகொள்வார்கள். அதை மரியாதை என்று நினைத்தார்கள். எனக்கு அந்த மரியாதை அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, டிராக்டர் உதிரிபாகக் கடை, கூடவே ரிப்பேர் வேலையும் உண்டு. சோழபுரத்திலோ கூமாப்பட்டியிலோ உழவுக்கு நடுவே டிராக்டர் படுத்துவிட்டால் கடைக்கு ஆள் வரும். பழைய அம்பாசிடரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவோம். ஓட்ட ஒரு டிரைவர் இருந்தார். என்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டுவது நான். கார் ஓட்டுவது மட்டும் எனக்கு இல்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவுகட்டியிருந்தார்கள். என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் டிரைவர் வரவில்லை. சோழபுரத்துச் சம்சாரி ஒருவர், டிராக்டர் படுத்துப்போன விவசாயி, கடையில் காத்துக்கொண்டிருந்தார். கார் நிற்கிறது, மெக்கானிக் நான் நிற்கிறேன், சாவி ஆணியில் தொங்குகிறது. அவர் என் காலைப் பார்த்தார், பிறகு சாவியைப் பார்த்தார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

டிராக்டரில் ஆக்சிலேட்டரைக் காலால் மட்டுமல்ல, கையாலும் கொடுக்கலாம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். பல் வெட்டிய அரைவட்டத் தகட்டில் அது நகரும். எந்தப் பல்லில் விட்டீர்களோ அங்கேயே நிற்கும், உழுகிறவர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்த்துக்கொள்ளலாம். பழைய இரும்போடு கிடந்த அப்படி ஒரு லீவரை எடுத்து அம்பாசிடரில் ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் மாட்டினேன். கேபிள் இழுத்து கார்புரேட்டரில் சேர்த்தேன். பிரேக் மிதியில் ஒரு தகட்டை வெல்டு வைத்து இடது பக்கம் நீட்டினேன். இனி கிளச்சும் பிரேக்கும் இடது காலுக்கு, ஆக்சிலேட்டர் வலது கைக்கு. வலது கால் சும்மா உட்கார்ந்து வரலாம்.

அத்தா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏலே, காட்டுல ஓடுற சாமானை ரோட்டுல கொண்டாந்து மாட்டிருக்கியே, யாராச்சும் கேட்டா என்னலே சொல்லுவே?"

யாரும் கேட்கவில்லை, அதுதான் எங்கள் ஊர். இரண்டே வாரத்தில் கை பழகிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் லீவரை நாலாம் பல்லில் போட்டுவிட்டு, கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ராஜாமாதிரி போவேன். எதிரே வருகிற பஸ் டிரைவர்கள் லைட்டைப் போட்டுக் காட்டுவார்கள். டிரைவர் வேலைக்கு இருந்தவரை அத்தா கடைக்குள்ளே மாற்றிக்கொண்டார்.

லைசென்ஸ் எடுத்த கதையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் டெஸ்ட். பேண்ட் போட்டால் கால் தெரியும். அதனால் நல்ல அகலமான கரை வேட்டியாகக் கட்டிக்கொண்டு போனேன். அவர் வருவதற்கு முன்பே காருக்குள் ஏறி உட்கார்ந்து, வேட்டியைப் பரப்பிவிட்டுக்கொண்டேன். இரண்டு காலும், மூன்று மிதியும், வெல்டு வைத்த தகடும் வேட்டிக்குள் அடக்கம். லீவர் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்ததும் அதைக் கவனித்து, இது என்ன என்று கேட்டார்.

"சோக்கு சார்," என்றேன்.

பழைய வண்டி, எங்கே வேண்டுமானாலும் சோக்கு இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒரு சுற்று ஓட்டினேன், ரிவர்ஸ் எடுத்தேன், நிறுத்தினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் தூரமாகப் போகிற வரைக்கும் நான் இறங்கவில்லை. ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. அந்த லைசென்ஸ் எனக்குக் கொடுத்ததில்லை, வேட்டிக்குக் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லிச் சிரித்ததில்லை. சோழபுரம் பக்கம் அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி உளுந்து உதிர்ந்துவிடும். அப்படிப் பரப்பியிருந்த ஒரு நாள் நான் லீவரைப் பல்லில் போட்டுவிட்டு அதன்மேல் ஏறினேன். சக்கரம் வழுக்கியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். லீவரை இறக்கக் கை இல்லை. என்ஜின் இழுத்துக்கொண்டே போய்க் காரைப் பள்ளத்தில் இறக்கியது. யாருக்கும் அடி இல்லை. செடியை உதறிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். எல்லோரும் உளுந்தைத் திட்டினார்கள். நானும் உளுந்தைத்தான் திட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மஸ்கட்டில் ஒரு கராஜுக்கு மெக்கானிக்காகப் போனேன். வழியில் நின்றுபோன வண்டிகளை நின்ற இடத்திலேயே சரிசெய்து கொடுப்பதுதான் அங்கே பாதி வேலை. அதற்குக் கராஜில் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தால் வேலை உண்டு, எடுக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். டெஸ்டுக்கு வருகிற வண்டியில் எனக்கு லீவர் வேண்டும். லீவர் வைத்த வண்டி என்றால் அதற்கு முதலில் பாஸிங் ஆக வேண்டும். அதாவது வருஷா வருஷம் போலீஸ் அதிகாரி ஒருவர் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துத் தேறிற்று என்று சொல்ல வேண்டும்.

பெட்டியில் துணிக்கு நடுவே அதேமாதிரி இன்னொரு லீவரைக் கொண்டுபோயிருந்தேன். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். அதனால் பிக்கப்பில் லீவரை இடது கைக்கு மாற்றி மாட்டினேன், பிரேக் மிதியில் பழையபடி ஒரு தகட்டை வெல்டு வைத்து நீட்டினேன். கை அரித்தது என்று நினைக்கிறேன், அதோடு நிற்கவில்லை. பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன், இரட்டை ஆரன் வைத்தேன், முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு. எங்கள் ஊரில் ஒரு வண்டி கைக்கு வந்தால் செய்கிற மரியாதை அது.

என்னோடு வேலை செய்த மலையாளி ஒருவர் பிக்கப்பைப் பாஸிங்குக்கு ஓட்டிவந்தார். எனக்காக அரபியில் பேசுவதும் அவர்தான். அதிகாரி நடுவயதுக்காரர், அவசரமே இல்லாதவர். படுத்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒவ்வொன்றாக எழுதினார். ஆரனைக் கழற்று. விளக்கைக் கழற்று. பட்டையைக் கழற்று. நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு லீவரைக் காட்டினார். அதையும் கழற்று, மிதியில் இருக்கிற தகட்டை அறுத்து எடு, கம்பெனியிலிருந்து வந்தமாதிரி கொண்டுவா என்றார். நான் தலையாட்டவில்லை. ஆரன் என் திமிருக்கு வைத்தது, போகட்டும். லீவரை என்னால் விட முடியாது.

அதிகாரி என் பேண்டைப் பார்த்தார். வேட்டி இல்லாத ஊர் அது. கால் சூம்பியிருப்பது அப்படியே தெரிந்தது. இவன் பட்டறைக்குள்ளேயே வேலை பார்க்கட்டுமே என்று மலையாளியிடம் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். சோழபுரத்துச் சம்சாரியும் அன்பானவர்தான்.

"சேட்டா, நான் சொல்றத அப்பிடியே சொல்லுங்க," என்றேன். "காலை மாத்தச் சொல்றாரா, வண்டிய மாத்தச் சொல்றாரா? காலை மாத்த முடியாது. அதான் வண்டிய மாத்திருக்கேன்."

மலையாளி அதைக் கால்வாசியாக்கி, கெஞ்சுகிற குரலில் சொன்னார். ஆனால் என் முகம் கெஞ்சவில்லை, அது அதிகாரிக்குத் தெரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, லீவரைப் பாதிக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். லீவர் பல்லில் நின்றது. என்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்தாலும் என்ஜின் அடங்காது, அதைத்தான் அவர் காட்டினார். சோழபுரத்துப் பள்ளமும் உளுந்துச் செடியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருத்தராவது ஏறி உட்கார்ந்து அந்த லீவரைத் தள்ளிப் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்காமல் விட்டதை நான் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் தோற்றமாதிரி இல்லை. அந்த மனிதர் என் காலோடு வாதாடவில்லை, என் வேலைப்பாட்டோடு வாதாடினார். அது எனக்குப் புதிது.

கையை எடுத்தால் திரும்பி வருகிறமாதிரி செய்துகொண்டு வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வா என்றார்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. கிரைண்டரில் வைத்து அரைவட்டத் தகட்டில் இருந்த பல் அத்தனையையும் வழித்தேன். ராஜாமாதிரி போன நாலாம் பல்லும் போயிற்று. இரண்டு ஸ்பிரிங் போட்டேன், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இழுக்கட்டும் என்று. மிதியில் இருந்த தகட்டின் வெல்டை உடைத்து, ஒழுங்காக நட்டு போல்டு வைத்து இறுக்கினேன். ஆரன், விளக்கு, பட்டை மூன்றையும் கழற்றி மூலையில் போட்டேன்.

மறுபடி போனபோது அதிகாரி லீவரைத் தள்ளிக் கையை எடுத்தார். அது டப்பென்று திரும்பி வந்து உட்கார்ந்தது. இருபது தடவையாவது செய்து பார்த்திருப்பார். பிறகு டாக்டரிடம் அனுப்பினார்கள். கடைசியில் டெஸ்டு. அதே அதிகாரி காலி மைதானத்தில் ஓட்டச் சொல்லி, நினைத்த நேரத்தில் டாஷ்போர்டைத் தட்டுவார், நான் அந்தக் கணம் நிறுத்த வேண்டும். ஒன்பது தடவை தட்டினார். ஒன்பது தடவையும் நின்றது. பத்தாவது தட்டுக்குக் காத்திருந்தேன், அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

கையால் ஆக்சிலேட்டர் கொடுக்கிற வண்டியை மட்டும் இவர் ஓட்டலாம் என்று அந்த லைசென்ஸில் ஒரு வரி எழுதியிருந்தது. மலையாளிக்கு அதைப் பார்த்து வருத்தம், குறை மாதிரி எழுதிவிட்டார்களே என்றார். நான் அந்த வரியைத்தான் எல்லோருக்கும் காட்டினேன். என் காலை மறைக்காமல் எனக்குக் கிடைத்த முதல் காகிதம் அது.

மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன். வந்த வாரமே அம்பாசிடரின் லீவரிலும் பல்லை வழித்து ஸ்பிரிங் போட்டேன். ஊர் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகக் கிளம்பினேன். அத்தா வேட்டியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று பேண்டைப் போட்டேன்.

"அவிய ஏதும் கேக்காமத்தான கொடுத்தாவ. இப்ப எதுக்குலே வம்பு?" என்றார்.

"கேக்கணும் அத்தா," என்றேன்.

இப்போது வேறு பிரேக் இன்ஸ்பெக்டர், என்னைவிட இளையவர். பழைய லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தார். புதுப்பிக்கத்தானே, டெஸ்டெல்லாம் எதற்கு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். வாங்கிக்கொண்டு போயிருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இல்லை சார், நீங்கள் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றேன். பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்து போய்க் காரில் ஏறினேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைதானத்தை ஒரு சுற்று வந்தேன். பாதியில் லீவரிலிருந்து கையை எடுத்தேன். என்ஜின் தானாக அடங்கியது, கார் மெதுவாக நின்றது. அவர் குனிந்து மிதியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாக லீவரைத் தொட்டார்.

"இது என்னது?" என்று கேட்டார்.

"என் வலது காலு சார். அப்பிடியே எழுதிக்கிடுங்க."