பன்னிரண்டு பொம்மைகளின் வயிற்றில்

பழைய துணிக் கடையில் எடைக்கு வாங்கும் சட்டைகளையும் பாவாடைகளையும் வெட்டிப் பொம்மை தைப்பவள் அவள். தெருவுக்கே பொம்மையக்கா. அவள் கை சில காரியங்களை மூளையைக் கேட்காமலே செய்துவிடும். துணி மேசைக்கு வந்ததும் கறை, கிழிசல், ஒட்டுப் போட்ட இடம் எல்லாவற்றையும் வெட்டி மேசையடிக் கோணிப்பையில் எறிந்துவிடும். நல்ல துணி பொம்மைக்கு மேல்தோல், கழித்தது வயிற்றுக்குள் அடைக்க. ஒரு நறுக்கும் வீணாகாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்குச் சனிக்கிழமை மதியம் ஆப்பு வந்தது, போனில்.

பேசியது டீச்சர். இறந்துபோன தன் அம்மாவின் பச்சைக் கவுனை முயல் பொம்மையாக்கித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தவர்.

"நாலு மணிக்கு வரேன்க்கா. பாக்கெட் ஓரத்துல அம்மா ஒரு கிழிசலைத் தைச்சிருப்பாங்களே, அது முயலோட நெஞ்சுல வருதுல்ல? அவங்க கையால தைச்சதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம்."

"வருது டீச்சர்" என்று வாய் சொல்லிவிட்டது.

முயல், புதுப் பஞ்சு அடைத்து, ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தது. மருந்துக்கும் ஒரு கிழிசல் இல்லை. கோணிப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காக அந்த வாரம் அடைத்த பன்னிரண்டு பொம்மைகளும் அலமாரியில் ஒன்றும் தெரியாத பிள்ளைகள்போல் வரிசையாக இருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றின் வயிற்றில்தான் அந்தத் துண்டு இருந்தாக வேண்டும்.

பஸ் மெக்கானிக்கான அவள் புருஷனுக்கு எதுவுமே பெரிய விஷயம் இல்லை.

"கவுன் துணி மிச்சம் இருக்குல்ல? கோணலா ஒண்ணு தைச்சு வை. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"உங்க யோசனையை உங்க பஸ்ஸுக்கு வெச்சுக்குங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு முதல் பொம்மையின் முதுகுத் தையலைப் பிரித்தாள்.

யாரோ ஒருவரின் மை படிந்த பாக்கெட் வந்தது. யாரோ ஒரு குழந்தையின் தேய்ந்த முழங்கால் வந்தது. பச்சை மட்டும் வரவில்லை. ஏழாவது பொம்மையைப் பிரித்தபோது மணி மூன்றரை. அவசரத்தில் கத்தரி விரலில் குத்தியது. இன்னும் ஐந்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

கடைசியில் புருஷன் சொன்னதைத்தான் செய்தாள். மிச்சத் துணியில் ஒரு கிழிசல் போட்டு, கோணல்மாணலாகத் தைத்து, முயலின் நெஞ்சில் வைத்து மூட்டினாள். பிரித்துப்போட்டதையெல்லாம் போர்வையால் மூடினாள். தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முயலை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சிலிருந்த தையலை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு, "அழகா இருக்குக்கா" என்று பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பொம்மையக்கா வழிவிட்டு ஒதுங்கினாள். போகட்டும், போய்விடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் செருப்பை மாட்டியதும் முடியவில்லை.

"டீச்சர், அது உங்க அம்மா தைச்சது இல்ல. நான் தைச்சது." போர்வையை இழுத்தாள். "பழக்கத்துல வெட்டி எறிஞ்சுட்டேன். ஏழு பொம்மையைப் பிரிச்சுட்டேன், கிடைக்கல."

டீச்சர் தரையில் குவிந்திருந்த கந்தலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"பாக்கி எத்தனை?"

"அஞ்சு."

"இன்னொரு கத்தரி இருக்கா?"

இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். பதினோராவது பொம்மையின் காலுக்குள் அது கசங்கிக் கிடந்தது. பச்சைத் துணியில் பளிச்சென்று மஞ்சள் நூல், தாறுமாறாக. பொம்மையக்கா தைத்திருந்தது பச்சை நூலில். துணிக்கேற்ற நூலை அவள் கை கேட்காமலே எடுத்திருந்தது.

"அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கையில கிடைச்ச நூலைக் கோத்துடுவாங்க" என்றார் டீச்சர்.

"அப்போ, முயலைப் பாத்ததுமே..."

"தெரிஞ்சுதுக்கா." டீச்சர் அந்தத் துண்டை மடியில் வைத்து நீவினார். "நீங்க கூப்பிடணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் வாசலுக்கு நடந்தேன்."