மாஸ்டர் ஒளித்துவைக்கும் பெட்டிகள்

ஒற்றையடிப் பாதை எங்கே திரும்பினாலும் மாஸ்டர் நின்று விசில் ஊதுவார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. ஊதிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்பார். மேய்கிற மாடு மட்டும் நிமிர்ந்து பார்க்கும். "போச்சுடா, டிரில் ஆரம்பிச்சிட்டாரு" என்று டிராக்டர்க்காரர் சிரிப்பார். மாஸ்டரும் சிரித்துவைப்பார்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை கான்வாஸ் ஷூ, சட்டைப் பையில் சீப்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்த விசில். வலது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. குனிந்தால் நிமிர்வதற்குள் யாரையாவது திட்டி முடித்திருப்பார். செருப்பைத் தேய்த்து நடப்பவர்களைக் கண்டால் அறவே ஆகாது. "காலைத் தூக்கி வைங்க சார், பூமி ஒண்ணும் உங்களைக் கடிச்சிடாது!"

தோள்பையில் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிகள் வைத்திருப்பார். ஊருக்கு வெளியே பாதையோரங்களில் அவற்றை ஒளித்துவைப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. இது ஒரு விளையாட்டு. ஒருவர் பெட்டியை ஒளித்துவிட்டு, இடத்தைப் போனில் குறித்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் அதைப் பார்த்து நடந்து வந்து தேடுவார்கள். உள்ளே பொம்மை, பொத்தான், கோலிக்குண்டு என்று ஏதாவது சில்லறைச் சாமான் இருக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் பதிலுக்கு ஒன்றை வைத்துவிட வேண்டும்.

விளையாட்டு அவரிடம் தானாகத்தான் வந்து சேர்ந்தது. தம்பி காணாமல் போன மழைக்காலத்தில், ஒரு மதகுக்குள் தலையை விட்டுக் கம்பால் துழாவிக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் இளம் ஜோடி வந்து நின்றது. "உங்களுக்கும் கிடைக்கலையா அங்கிள்?" மாஸ்டர் கம்பை வெளியே இழுத்தார். "இல்லம்மா" என்றார். அந்தப் பெண் அவர் பக்கத்திலேயே மண்டியிட்டு, கல்லிடுக்கில் கைவிட்டு ஒரு பெட்டியை உருவினாள். "கிடைச்சிருச்சு!" என்று அவருக்காகக் கைதட்டினாள்.

தம்பி பேக்கரியில் மாவு பிசைந்தவன். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று குழம்புகிறானே என்று, வீட்டுச் சாவியின் தலையில் மனைவி சிவப்பு நகப்பூச்சைத் தடவிக் கொடுத்திருந்தாள். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினவன் திரும்பவில்லை. வயல்வெளிப் பாதையில் போனதாக டிராக்டர்க்காரர் சொன்னார். போலீஸ் தேடியது, பிறகு ஓய்ந்தது. சின்ன வயதில் அவன் எந்த மூலையில் இருந்தாலும் அண்ணன் விசிலுக்கு ஓடிவந்து நிற்பான். மாஸ்டர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி மனைவிக்கு அந்தப் பிடியும் நழுவிவிட்டது. "வந்துருவான்னு சொல்லாதீங்க மாமா. இருக்காரா இல்லையா, ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா போதும். அழறதா காத்திருக்கறதான்னு தெரியாம ஒரு வாய் இறங்க மாட்டேங்குது." ஆனால் வீட்டுப் பூட்டை அவள் மாற்றவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போடுவதும் இல்லை.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் மாஸ்டர் பெட்டி வைக்கத் தொடங்கினார். தன் முழங்கால் போகவிடாத இடங்களாகப் பார்த்து வைத்தார்: முட்புதர் மண்டிய ஓடைச் சரிவு, கைவிட்ட கல்குவாரி, இடிந்த பம்ப்செட் அறையின் பின்புறம். பெட்டியை விளிம்பில் வைப்பார். போனில் மட்டும் வேண்டுமென்றே உள்ளே தள்ளிக் குறிப்பார். குறித்த இடத்தில் காணாதவர்கள் சுற்றுவட்டாரத்தையே சல்லடை போட்டுச் சலிப்பார்கள். "இந்த ஆளு பெட்டி வச்சா ஊரையே புரட்டணும். கண்ணு தெரியலைன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே" என்று போனில் எழுதிப்போடுவார்கள். மாஸ்டர் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

"விஷயத்தைச் சொல்லியே கூப்பிடலாமே மாமா" என்றாள் தம்பி மனைவி.

"பொணம் தேட எவன் வருவான்? பெட்டின்னா குடும்பத்தோட வருவாங்க." சொல்லிவிட்டார். வாயில் வந்துவிட்ட அந்த முதல் சொல்லுக்காக அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பக்கம் போகும்போது எதிரே அதே இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண்ணின் கை முழுக்க முள் கீறல். "அந்தப் பக்கம் போகாதீங்க அங்கிள். பெட்டி வச்சவர் மட்டும் கையில சிக்கினா இருக்கு! பாதி நாள் புதருக்குள்ளேயே போச்சு."

"வேற எதுவும் கண்ணுல படலியாம்மா?"

"ஒரு பழைய சாவி கிடந்துச்சு. அதைப் பெட்டியில போட்டுட்டு இந்தக் கோலிக்குண்டை எடுத்துக்கிட்டேன். அழகா இருக்குல்ல?"

"அழகா இருக்கும்மா" என்றார் மாஸ்டர்.

அடுத்த திருப்பத்தில் அவர் விசில் ஊதவில்லை.

பெட்டியைத் திறந்தார். சாவி துருவேறிக் கிடந்தது. சட்டை நுனியால் தேய்த்தபோது தலைப்பக்கம் சிவப்பு தெரிந்தது. நிமிர்ந்து புதரைப் பார்த்தார். பகலிலும் உள்ளே இருட்டாக இருந்தது. "டேய்" என்றார், பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில்.

சாவியைச் சட்டைப் பையில் சீப்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றினார். அது காதில் மாட்டிக்கொண்டு விடுபட்டது. விசிலைச் சட்டையில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் புகாதபடி நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.