சோடா போடாத பால்

இதை எழுதுகிறவனுக்கு அவள் முதலில் அறிமுகமானது குரலாகத்தான். பால் சேகரிப்பு நிலையத்தின் எடை அறையில் அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெளியே வரிசையில் ஒரு பெண் போட்ட சத்தத்தில் தராசு முள்ளே ஒரு நிமிஷம் யோசித்தது போலிருந்தது. எட்டிப் பார்த்தான். ஒல்லி உடம்பு, தலையில் இறுகக் கட்டிய துணி, கையில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயில் இருந்த பால் ரோஜா நிறத்துக்குச் சிவந்திருந்தது.

“எம் மாடு புல்லுதான் தின்னுது தம்பி, சோடா தின்னல! யாரைப் பாத்து என்ன பேசுற?”

“நான் பேசலக்கா, மருந்து பேசுது” என்றார் சோதனைக்காரர்.

விஷயம் இதுதான். கறந்த பால் நேரம் ஆக ஆகப் புளிக்கும். அதாவது அதில் அமிலம் ஊறும். புளித்த பாலை நிலையம் வாங்காது. அதனால் சில கெட்டிக்காரர்கள் கொஞ்சம் சமையல் சோடாவைக் கலக்கிவிடுவார்கள். சோடா ஒரு காரம். அமிலமும் காரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி இரண்டும் அடங்கிப்போக, கெட்டுப்போக இருந்த பால் நல்ல பிள்ளை மாதிரி வரிசையில் வந்து நிற்கும். அந்தத் திருட்டைப் பிடிக்கத்தான் சோதனைக்காரரிடம் மருந்து இருந்தது. நல்ல பாலில் விட்டால் பழுப்பு. காரம் கலந்த பாலில் விட்டால் சிவப்பு. மருந்து பொய் சொல்லாது. அன்றைக்கும் சொல்லவில்லை. கொடுமையே அதுதான்.

ஏனென்றால் அவளும் பொய் சொல்லவில்லை.

நாலு மாட்டுக்காரி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒற்றைக் கன்றுக்குட்டியில் ஆரம்பித்து நாலு மாடாக்கியவள். புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அவர் குளித்தாரா என்று அவள் கேட்டதே இல்லை. மாடு குளித்ததா என்று கேட்காத நாளில்லை. “அவ பால்ல ஈ விழுந்தா, ஈதான் சுத்தமாயிடுச்சும்பா” என்று வரிசையில் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் நிலையத்தின் செயலாளர் கைவைத்தார். வாசல் கரும்பலகையில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் ‘கலப்படம்’ என்று எழுதி, எழுதியதை வரிசைக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கவும் படித்தார். இன்னொரு முறை சிவந்தால் உறுப்பினர் அட்டை ரத்தாகும் என்றார். பாலைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். வரிசை வேடிக்கை பார்த்தது. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள், நிலையத்தில் கழுவிக் கொடுத்த கேனை வாசலிலேயே விட்டெறிந்தாள். அது உருண்டுபோய்ப் புருஷன் காலில் இடித்தது.

“விடு. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க” என்றார் அவர், காலைத் தடவிக்கொண்டே.

“மறப்பாங்களா? இனிமே சோடாக்காரி புருஷன்னுதான் உன்னைக் கூப்பிடுவாங்க. போ, சந்தோஷமா ஓட்டு வண்டியை.”

“மாட்டுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையோ?”

“மாட்டைச் சொன்னே, சோறு கிடையாது.”

அன்று மாலை அவள் பால் ஊற்றப் போகவில்லை. இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருந்தாள். மாடு மாறவில்லை, தீவனம் மாறவில்லை, கறக்கிற கை மாறவில்லை. பின்னே எப்படிச் சிவக்கும்? விடை கிடைக்கவில்லை. ஆத்திரம்தான் கிடைத்தது. மறுநாள் காலையில் கேனைத் தொடவே பிடிக்காமல், சோறு வடிக்கிற பெரிய பாத்திரத்திலேயே கறந்து, மூடியைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

“கேன்லதான் கொண்டு வரணும்னு விதி இருக்கு” என்றார் செயலாளர்.

“முதல்ல மருந்தை ஊத்தச் சொல்லுங்க. விதியை அப்புறம் படிக்கலாம்.”

சோதனைக்காரர் ஊற்றினார். பழுப்பு. மாசுமறு இல்லாத பழுப்பு.

அவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னைக்குப் போடல. நல்லது. பயம் இருந்தா சரி.”

இதைக் கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? சிவந்தால் திருடி, சிவக்காவிட்டால் திருந்திய திருடி!  அவள் விறுவிறுவென்று உள்ளே போய், கழுவி அடுக்கியிருந்த நிலையத்துக் கேன்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். அத்தனை பேர் கண்முன்னால் தன் பாத்திரத்துப் பாலை அதில் ஊற்றினாள். மூடியைப் போட்டுக் குலுக்கினாள்.

“எம் மாடு இங்க இல்ல. என் வீடு இங்க இல்ல. உங்க கேன், உங்க மருந்து. ஊத்துய்யா!”

சோதனைக்காரர் மறுபடி ஊற்றினார். குழாய் சிவந்தது.

கேனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். அடி மூலையில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சலவைச் சோடா. கேன்களை அதைப் போட்டுத்தான் கழுவுவார்கள்; அதுவும் காரம்தான், சமையல் சோடாவுக்கு அண்ணன். சரியாக அலசாமல் விட்டால் பாலோடு கலந்து மருந்தின் கண்ணில் படத்தான் செய்யும்.

“அப்போ மத்தவங்க பால் ஏன் சிவக்கல?” என்றார் செயலாளர், விடாமல்.

 வரிசையில் நின்ற ஒரு பெரியவர் முன்னால் வந்தார். “நாங்கல்லாம் வீட்ல ஒரு தடவை அலசிட்டுத்தான் கறப்போம். நீங்க அலசக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினீங்க... அதனால சொல்லல.”

ஆமாம், அப்படி ஒரு நோட்டீஸ் இருந்தது. ‘வீட்டுத் தண்ணீர் சுத்தமில்லை, கொடுத்த கேனை அப்படியே பயன்படுத்தவும்.’ அத்தனை பேரில் அதை நம்பி அப்படியே நடந்தவள் அவள் ஒருத்திதான்.

“நேத்து என் பாலைச் சாக்கடையில கொட்டும்போது உங்க வாயில என்னண்ணே, கொழுக்கட்டையா?” என்றாள் பெரியவரிடம்.  

செயலாளர் அதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கேன் கழுவுகிறவரைக் கூப்பிட்டு, “நாளையிலிருந்து வராதே” என்றார். கழுவுகிறவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பக்கெட் தண்ணிதான் சார் குடுக்கிறீங்க. நான் எதை அலச, எதை விட?” என்றார். அந்த வாரம்தான் குழாய்த் தண்ணீருக்கு ஆகிற செலவைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்; சொன்னவரும் சாட்சாத் செயலாளர்தான்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். “நேத்து நான், இன்னைக்கு இவரா? நாளைக்கு யாரு, மாடா? தண்ணிய மூடினது உங்க கை. நோட்டீஸ் ஒட்டினது உங்க கை. பேர் எழுதினதும் அதே கை. இவரை அனுப்பினா ஒரு சொட்டுப் பால் ஊத்த மாட்டேன்.”

யார் எதிர்பார்த்தார்கள்? பெரியவரும் தன் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி நின்றார். இன்னொருத்தர் விலகினார். பாலை ஏற்றிப்போகும் குளிர் வண்டி வேறு வாசலில் வந்து நின்றது. செயலாளர் கரும்பலகைக்குப் போய் உள்ளங்கையால் அவள் பெயரை அழித்தார்.

“அழிச்சாச்சு. போதுமா?”

“எழுதினப்ப சத்தமாப் படிச்சீங்களே. அழிச்சப்ப நாக்கு எங்க போச்சு?”

“உங்க பால் நல்ல பால்” என்று முனகினார்.

“அந்தக் குளிர் வண்டிக்காரருக்குக் கேக்கல.”

“நல்ல பால்! கலப்படம் இல்ல! தப்பு எங்க மேல!” செயலாளர் கத்தினார். கோபத்தில்தான் கத்தினார், இருந்தாலும் சொற்கள் சரியாக இருந்தன.

நோட்டீசை அவளே கிழித்தாள். கேன் அலசத் தண்ணீர்க் குழாய்க்கு நீளமாக ஒரு ரப்பர் டியூப் வந்தது. செயலாளர் இன்னும் செயலாளராகத்தான் இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. கழுவுகிறவர் வேலையில் இருக்கிறார். அவளிடம் இப்போது ஐந்து மாடுகள். இரண்டு வேளையும் அதே நிலையத்தில்தான் ஊற்றுகிறாள், தானே வாங்கித் தானே கழுவுகிற கேனில். அன்றைக்கு வேடிக்கை பார்த்த அந்த வரிசையில் யாரோடும் பேசுவதில்லை.