கடலைப் பொட்டணத்தில் பாதி சைக்கிள்

என் அம்மா சைக்கிள் விளம்பரங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு பத்திரிகைகளில் வந்தவை. கொழிஞ்சாம்பாறையில் மற்ற அம்மாக்கள் பழைய புத்தகங்களைக் கடையில் போட்டுவிட்டு வருவார்கள்; என் அம்மா கடையிலிருந்து வாங்கி வருவாள். கத்தரித்த படங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கும். மீசைக்காரர்கள் ஓட்டினார்கள், தபால்காரர்கள் ஓட்டினார்கள், ஒரு படத்தில் கரடிகூட ஓட்டியது.

ஒரு சந்தை நாளில் பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தேன். ஒரு முன்சக்கரம், கைப்பிடி, அதைப் பிடித்திருக்கும் வளையல் கைகள். மிச்சம் கிழிந்து போயிருந்தது.

"பொம்பள ஓட்டற படம்!" என்று அம்மா கத்தியே விட்டாள். "எங்கிட்ட ஒண்ணுகூட இல்லே."

மீதிக் காகிதம் எங்கே என்று கடலைக்காரரிடம் கேட்டாள்.

"இப்பத்தான் அந்தப் பொள்ளாச்சி பஸ்ல ஏறுனவங்களுக்குக் கட்டிக் குடுத்தேனுங்க."

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. வாசலுக்கு ஆள் வந்தாலே உள்ளே போய்விடும் அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

"ஏனுங்க, உங்க கடலைப் பொட்டணத்தைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க."

எல்லோரும் விழித்தார்கள். ஒரு அக்கா மட்டும் கடலையை மடியில் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ராசிபலன். அடுத்தவரிடம் வத்தக்குழம்பு செய்முறை. பிறகு பஸ் முழுக்கக் கடலையைக் கொட்டத் தொடங்கியது. கண்டக்டர், "ஏனுங்கக்கா, டிக்கெட் எடுக்கறீங்களா, கடலை தேடறீங்களா?" என்று சலித்துக்கொண்டே தன் பொட்டணத்தையும் பையிலிருந்து எடுத்தார்.

அதில்தான் இருந்தாள் அந்தப் பெண். கொசுவம் பறக்க, முன்சக்கரமே இல்லாமல் சிரித்தபடி போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸே கைதட்டியது. அதற்குள் வண்டி புறப்பட்டிருந்ததால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் அம்மா இரண்டு பாதிகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தாள்.

மாலையில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டி அப்பாவிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் அடுத்த பிறந்தநாளுக்கு அப்பா ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "பாப்பாவுக்குங்க" என்றார். ஏறி உட்கார்ந்தால் எனக்குப் பெடல் எட்டவே இல்லை. அழுதேன்.

"வளந்தா எட்டும் கண்ணு. அதுவரைக்கும் துருப்புடிக்காம உங்கம்மா ஓட்டட்டும்."

அன்று சாயங்காலமே எங்கள் தென்னந்தோப்புக்குள் அம்மா ஓட்டினாள். விழுந்தாள், சிரித்தாள், மறுபடி ஏறினாள். அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். நான் வரப்பில் நின்று, என் சைக்கிளில் கீறல் விழுகிறது என்று இருவரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.