டேங்க் மூடியில் எழுதாமல் விட்டது

1983ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு அப்பாவின் காரிலிருந்து பெட்ரோல் எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார்கள். ராகு காலம் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் அப்பா இன்னும் இருபது நிமிடம் கழியட்டும் என்றார். நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னதும் அவர்தான். என் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்தேன்.

அப்பா காரைக்காலில் பதினைந்து ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டிவந்தார். சொந்தக் கார், ஒரே கார். திருநள்ளாற்றுக்கும் வேளாங்கண்ணிக்கும் வருபவர்களையும், பிரெஞ்சு பென்ஷன் விஷயமாகப் பாண்டிச்சேரிக்குப் போகும் பெரியவர்களையும் ஏற்றிச் செல்வார். அந்தப் பெரியவர்கள் அவர் காரைத்தான் கேட்பார்கள். அது சத்தமில்லாமல் ஓடும்; மடியில் வைத்த காகிதம்கூட நகராது. ஆனால் ஸ்டாண்டில் மற்ற கார்கள் ஒவ்வொன்றாக டீசலுக்கு மாறிவிட்டன. அவர்கள் கேட்கும் குறைந்த வாடகைக்கு அப்பாவால் ஓட்ட முடியவில்லை. காலையில் துடைத்து எடுத்துக்கொண்டு போகும் காரைப் பல நாட்கள் அப்படியே மாலையில் திருப்பிக்கொண்டு வருவார்.

மாற்றச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன், எம்.ஏ. படிக்க விரும்பினேன். அதை வெளிப்படையாகச் சொல்லாமல், டீசலின் நன்மைகளை மட்டும் ஒரு கட்டுரைபோல அவரிடம் அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, மாத்திப்புடுவோம்" என்றார்.

கோவில்பத்தில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் கிளையில் சங்கிலியும் கப்பியும் மாட்டினார் மெக்கானிக். நகரில் பட்டறை வைத்திருந்தவர். அப்பா அவரை பாய் என்பார், அவர் அப்பாவை அண்ணே என்பார். பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கியபடி மெல்லச் சுழன்றபோது அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே, பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி நிக்கிறீங்க?"

"பதினஞ்சு வருசம் சோறு போட்டுச்சு பாய்."

"போட்டுச்சு, யாரு இல்லேன்னாங்க? இப்ப உங்க சோத்தையும் சேர்த்து அதுவே குடிக்குதே!"

அப்பா சிரித்தார். ஆனால் எஞ்சினைத் தரையில் இறக்கியபோது அதன் அடியில் சாக்கு விரித்தவரும் அவரே.

திருச்சியில் வாங்கிய டீசல் எஞ்சின், விபத்தில் நொறுங்கிய ஒரு வேனுடையது. அது இந்தக் காருக்காகச் செய்யப்பட்டதன்று என்பது ஒவ்வொரு நாளும் தெரிந்தது. கியர் பாக்ஸின் வாயும் எஞ்சினின் வாயும் பொருந்தவில்லை. லேத்தில் கொடுத்து நடுவே வைக்க ஓர் இரும்புத் தகடு கடைந்து வாங்கினார்கள். தாங்கிகளை அறுத்து வேறு இடத்தில் பற்றவைத்தார்கள். புது எஞ்சினைக் காருக்குள் இறக்கிய பிறகு, கனம் தாங்காமல் கார் முன்பக்கம் தாழ்ந்து நின்றது. இனிச் சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் கம்பி சிவக்கும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பாய் கற்றுக்கொடுத்தார்.

ஒன்பது நாட்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று அப்பா நெருக்கியதற்குக் காரணம் என் அக்கா. அவள் பிரசவத்திற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். அத்தான் பிரெஞ்சுப் படையில் சிப்பாய், பிரான்சில் இருந்தார். குழந்தையைப் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சுக் கான்சுலேட்டில் பதிவு செய்ய வேண்டிய காகிதங்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அவற்றை நிரப்புவது என் பொறுப்பு. அக்காவைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவந்த டாக்டரம்மா கும்பகோணத்தில் இருந்தார். கடைசியாகப் போனபோது அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "குழந்தை குறுக்கே கிடக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். லேசா வலின்னாலும் உடனே கிளம்பி வந்துடுங்க. ஒரு மணி நேரம்கூட வீட்ல வச்சிருக்கக் கூடாது."

காரைக்காலிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். வேறு கார் ஏற்பாடு செய்யலாமே என்று அம்மா சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. "ஊராம் பொண்ணுங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போயிருக்கேன். எம் பேரப்புள்ள அடுத்தவன் வண்டியிலயா போவும்?"

பதினேழாம் தேதி மாலை புதிய எஞ்சின் முதல்முறையாக உயிர் பெற்றது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அக்கா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உள்ள இருக்கிறது பயந்து உதைக்குதுப்பா!"

"ஒதைக்கட்டும், ஒதைக்கட்டும். தாத்தா வண்டிக்கு இப்பவே பழகிக்கணும்."

"இந்த ஆட்டத்துக்குத் தொட்டிலே வாங்க வேணாம் போல. வண்டியை ஸ்டார்ட் பண்ணி உள்ள போட்டா தூங்கிடும்" என்றாள் அவள். அம்மாகூடச் சிரித்தாள்.

மறுநாள் ஸ்டாண்டில், "என்ன மாமா, கார்லயே நெல்லு அரைக்க ஆரம்பிச்சுட்டீங்களா? எங்க வீட்ல ரெண்டு மூட்டை கெடக்கு" என்று இளைய டிரைவர்கள் கேலி செய்ததை அப்பாவே எங்களிடம் நடித்துக் காட்டினார். வெகுநாட்களுக்குப் பிறகு அன்று அவருக்கு இரண்டு சவாரிகள் கிடைத்திருந்தன.

எஞ்சின் ஓடிய அன்று மாலையே, பாய் புறப்படும்போது ஒரு சிறிய சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் மெல்லிய பிரஷையும் அப்பாவிடம் கொடுத்தார்.

"அண்ணே, டேங்க் மூடியில டீசல்னு பெருசா எழுதிடுங்க. இது பெட்ரோல் வண்டின்னு ஊருக்கே தெரியும். பங்க்ல எவனாச்சும் பழக்கத்துல பெட்ரோலை ஊத்திட்டான்னா முடிஞ்சுது கதை."

"எழுத்து வேலைக்கு நம்ம வீட்ல ஆளு இருக்கு பாய்" என்று அப்பா டப்பாவை என்னிடம் நீட்டினார். அந்தச் சொல்லில் இருந்த பெருமிதத்தை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

மூன்றே எழுத்துக்கள். ஐந்து நிமிட வேலை. நான் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உள்ளங்கை அளவே உள்ள வட்ட மூடியில் 'டீ' என்ற எழுத்தின் சுழி மேலே இடித்தது. அளவைக் குறைத்தால் எடுப்பாக இல்லை. மறுநாள் கவராயம் வைத்து மூடியின் அளவில் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் எழுத்துக்களை வேறு வேறு விகிதத்தில் அமைத்துப் பார்த்தேன். சரியாக எழுத முடியாவிட்டால் எழுதுவதில்லை என்பது என் குணம். அதை ஒரு நற்குணம் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு மாலையும் அப்பா கேட்டார்.

"எழுதியாச்சாம்மா?"

"நாளைக்கு எழுதிடறேன்ப்பா. அளவு சரியா வரலை."

"கல்வெட்டா வெட்டப் போற? சும்மா எழுதிவிடு."

வெள்ளிக்கிழமை மாலை மூடியின் மேல் பென்சிலால் கோடுகள் போட்டு, எழுத்துக்களின் உருவத்தை மெலிதாக வரைந்தேன். இருட்டிவிட்டது. பெயிண்டை மறுநாள் பகல் வெளிச்சத்தில் பூசலாம் என்று டப்பாவை மூடி வைத்தேன்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, டப்பாவை நான் இன்னும் திறக்காத நிலையில், அக்காவுக்கு வலி எடுத்தது.

ஐந்து நிமிடத்தில் புறப்பட்டோம். அக்காவும் அம்மாவும் பின்னால்; நான் முன்னால், மடியில் துணிப்பை. ஹீட்டர் சிவக்கும்வரை அப்பா ஸ்டீயரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம். அதைக் கடக்க நேரமானது. அக்கா என் தோளைப் பின்னாலிருந்து பற்றியிருந்தாள். வலி வரும்போது பிடி இறுகும்; பிறகு தளரும்.

தமிழ்நாட்டு எல்லைக்கு முன்னால் இருந்த பங்கில் அப்பா காரைத் திருப்பினார். எல்லைக்கு அந்தப் பக்கம் விலை கூடுதல் என்பதால், வெளியூர் போகும் எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லாரும் அங்கே நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். அன்று டேங்கில் கும்பகோணம் போகப் போதுமான டீசல் இருந்தது. திரும்பிவரும்வரை எங்கும் நிற்கக் கூடாது என்று நினைத்ததாக அவர் பின்னால் சொன்னார். பங்கில் இருந்தவருக்கு அப்பாவைப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும்.

"என்ன அண்ணே, பாப்பாவுக்கு நேரம் வந்துடுச்சா?"

"ஆமாப்பா. பத்து போடு, சீக்கிரம்."

இவ்வளவுதான் பேசினார்கள். எப்போதும் இவ்வளவுதான் பேசுவார்கள். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்பக்கம் திரும்பி அக்காவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தை வைத்தாவது பங்க் ஆளுக்கு அது டீசல் என்று தெரிந்திருக்காதா என்று பிறகு பலர் கேட்டார்கள். பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. சத்தத்தால் தெரிந்திருக்க வழியில்லை. அவர் கழற்றிய மூடி என்ற ஒரு வழிதான் இருந்தது.

எல்லையைத் தாண்டிச் சில மைல்கள் போனதும் எஞ்சின் தட்டத் தொடங்கியது. வேகம் குறைந்தது. அப்பா மிதித்தார், கார் இருமுறை குலுங்கி, பாதையோரம் நின்றது. நேரம் இரண்டு பத்து. மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்ததில் பேட்டரியும் ஓய்ந்தது. இருபுறமும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அக்கா, "என்னப்பா ஆச்சு? என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா இறங்கிப் பின்னால் போனார். நானும் போனேன். அவர் டேங்க் மூடியைக் கழற்றிக் குனிந்து முகர்ந்தார். எனக்கே பெட்ரோல் வாசனை வந்தது. பிறகு கையிலிருந்த மூடியைப் பார்த்தார். பென்சில் கோடுகள் வெயிலில் நன்றாகத் தெரிந்தன. மூன்று எழுத்துக்களும் மிகச் சரியான விகிதத்தில் இருந்தன.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்தக் கோடுகளைத் தேய்த்தார். முழுவதும் அழியும்வரை தேய்த்துவிட்டு மூடியைத் திருகினார். பிறகு நடுச்சாலைக்குப் போய் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றார்.

நாற்பது நிமிடங்கள் கழித்து ஒரு பேருந்து வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "பின் சீட்டுக்காரங்க எந்திரிங்க! ஆம்பளைங்க எல்லாம் முன்னால போங்க!" என்று கத்தினார். இடையில் எந்த நிறுத்தத்திலும் பேருந்து நிற்கவில்லை. தங்கள் ஊர் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அது பழைய பேருந்து; தன்னால் முடிந்த வேகத்தில்தான் ஓடியது.

குழந்தை ஆண். அழவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் துடிப்பு இருந்துச்சும்மா" என்றார். அவர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"பங்க்ல நான் டீசல்னு சொல்லலை" என்றார் அப்பா. "பத்து போடுன்னுதான் சொன்னேன். எல்லாம் என் வாயால போச்சு."

"ஏங்க, ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா தலைகுனிந்து நின்றார். நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தேன். பேசவில்லை. அன்று இரவு முழுவதும் அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் அதை வாங்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா என்னை அழைத்தாள். "கடைத்தெருவுக்குப் போயி மல்லிப்பூ வாங்கிட்டு வா. தொடுத்தது வேணாம், உதிரியா. பால் கட்டிக்கிறதுக்கு முன்னாடி மார்ல வச்சுக் கட்டுனாத்தான் சுரக்கிறது நிக்கும்."

பூக்காரம்மா கூடையை அப்போதுதான் பிரித்திருந்தாள். "எதுக்குப் பாப்பா இவ்வளவு உதிரி? தொடுத்தே தரேனே, கல்யாண வீடா?"

"இல்லைங்க. அக்காவுக்கு. ஆஸ்பத்திரியில."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாழையிலை கொள்ளும் அளவுக்கு இரண்டு கைகளாலும் அள்ளி வைத்தாள்.

அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து எடுத்துக்கொண்டு அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அம்மா வெளியே போயிருந்தாள். மொட்டுக்களை அவள் மார்பின் மேல் பரப்பினேன். அவை குளிர்ந்திருந்தன, அவள் உடம்பு சுட்டது. துணியை முதுகுக்கு அடியில் விட்டு இழுத்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அப்பா ஏன்டி உள்ளயே வர மாட்டேங்கறாங்க?"

"அவங்க மேல தப்பு இல்லைக்கா. மூடியில டீசல்னு எழுதச் சொல்லி நாலு நாளா என்கிட்டத்தான் சொன்னாங்க. எழுத்து அழகா வரணும்னு நான்தான் எழுதாம விட்டேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், கையைத் தட்டிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் இரு கைகளையும் சிறிது உயர்த்தி, முடிச்சுப் போட வசதியாக வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இறுக்கிக் கட்டு" என்றாள்.

இறுக்கிக் கட்டினேன். பிறகு வெளியே போய், அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.